மறு: ‘லிவரி’க்குத் தமிழ்ச்சொல்: ‘நிறக்கோலம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். ரயில் கம்பெனி தன் வண்டிகளுக்கு அடிக்கும் நிறம், கோடு, எழுத்து எல்லாம் சேர்ந்த தோற்றத்தை ஆங்கிலத்தில் ‘லிவரி’ (livery) என்பார்கள். அதற்கு ‘நிறக்கோலம்’ என்ற சொல்லை நான் முன்வைத்ததற்கு வந்த கேள்வி இது:

> ‘வண்டி நிறம்’ என்றாலே போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாது என்பேன். இங்கிலாந்தின் யார்க் நகரத் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ‘கிளாட்ஸ்டன்’ என்ற இஞ்சின் நிற்கிறது. லண்டன்–பிரைட்டன் பாதைக்காக ஸ்ட்ரவுட்லி என்ற பொறியாளர் வடிவமைத்து 1882இல் வெளிவந்தது. உடம்பெல்லாம் மஞ்சட்காவி. அந்தப் பூச்சுக்கு அவர்கள் வைத்த பெயரோ ‘மேம்படுத்திய இஞ்சின் பச்சை’! நிறத்தின் பெயரை மட்டும் சொல்லிப் போனால் வாசகர் பச்சை இஞ்சினைத் தேடி அலைவார். காவியைச் சுற்றி ஓடும் கரும்பச்சைப் பட்டை, அதையொட்டிய மெல்லிய கோடுகள் எல்லாம் சேர்ந்ததுதான் லிவரி.

கறுப்பைப் பாருங்கள். லண்டன்–வடமேற்கு கம்பெனியின் கறுப்பு இஞ்சின்களில் சிவப்பு, பாலாடை, சாம்பல் நிறக் கோடுகள் இழையும், அவ்வளவு அழகு! இரண்டாம் உலகப்போரின்போது எல்.என்.இ.ஆர். (லண்டன்–வடகிழக்கு ரயில்வே) இஞ்சின்களுக்கும் கறுப்புதான் அடித்தார்கள். ஆனால் கோடு கிடையாது, இஞ்சினுக்குப் பின்னால் இணைந்த கரிவண்டியில் எழுதும் கம்பெனிப் பெயரெழுத்தைக்கூட ‘என்.இ.’ என்று சுருக்கிவிட்டார்கள். நிறம் ஒன்று, லிவரி வேறு.

‘சீருடை’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ‘ரயில்வே சீருடை’ என்றால் கார்டு போட்டிருக்கும் சட்டைதான் கண்முன் வரும்.

மணக்கோலம் என்றால் பட்டுப்புடவை மட்டுமா? பூ, பொட்டு, நகை எல்லாம் அதில் அடக்கம். அதே பொருளில்தான் ‘நிறக்கோலம்’ என்கிறேன். வாசற்கோலம் நினைவுக்கு வராதா என்று கேட்கலாம். ‘போர்க்கோலம்’ படிக்கும்போது யாருக்கும் வருவதில்லையே.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: “1938இல் மணிக்கு 126 மைல் வேகம் தொட்ட மல்லார்ட் நீராவி இஞ்சின், நீல நிறக்கோலத்தில் இன்றும் யார்க்கில் நிற்கிறது.” “1965இல் பிரிட்டிஷ் ரயில் நீல நிறக்கோலத்துக்கு மாறியது. இரட்டை அம்புச் சின்னமும் புது எழுத்துருவும் கூடவே வந்தன.” இரண்டும் நீலம்தான், ஆனாலும் குழப்பமில்லை. நிலையப் பெயர்ப்பலகைக்கும் சொல் பொருந்துகிறது: பிரிட்டனில் ரயில்வே நாட்டுடைமையான பின் மேற்கு மண்டலத்துக்குப் பழுப்பு, வடகிழக்குக்கு ஆரஞ்சு என மண்டலத்துக்கு ஒரு நிறக்கோலம் இருந்தது.

மேலே சொன்ன மெல்லிய கோடுகளைக் குறிக்கும் ‘லைனிங்’குக்கு முதல் மடலில் கண்ட ‘ஓரக்கோடு’ எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கோடு ஓரத்தில் மட்டும் ஓடுவதில்லை. கொதிகலனைச் சுற்றிய பட்டைகளிலும் உண்டு. ‘அணிக்கோடு’ எனலாம். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.