ஏரிச் சேற்றில் கரித்துகள் கூடினால் அது மனிதன் வேலைதானா?

சேறுகலக்கி:
ஆய்வேட்டுக்காக ஒரு சிறு ஏரியின் அடியிலிருந்து 94 செ.மீ. கோர் (குழாயை இறக்கி எடுக்கும் சேற்றுத் தூண்) எடுத்தேன். 1 செ.மீ. வில்லைகளாக அறுத்தும் ஆயிற்று. 31 செ.மீ.க்கு மேலே கரித்துகளும் ஈயமும் சேர்ந்தே ஏறுகின்றன. 'மனிதத் தாக்கம் தொடங்கிய இடம்' என்று எழுதச் சொல்கிறார் வழிகாட்டி. மின்னல் விழுந்தாலும் காடு எரியுமே என்று எனக்கு உறுத்துகிறது. பக்கத்தில் ஒரு பீட் சதுப்பு (அரைகுறையாக மக்கிய செடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த சதுப்பு) இருக்கிறது. அதிலும் ஒரு கோர் எடுத்தால் தெளிவாகுமா?

பழைய சேற்றுக்காரன்:
உறுத்துவது நல்லதுதான். வெறும் கரித்துகளை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் நுண்ணோக்கியில் துளை விழுந்த கறுப்புப் பந்துபோலச் சில துகள்கள் தென்படுகின்றனவா, பாருங்கள். நிலக்கரியோ எரியெண்ணெயோ உலையின் கடும் சூட்டில் எரியும்போதுதான் அந்த உருண்டைகள் பிறக்கும். விறகு எரிந்தாலும் வராது, காடு எரிந்தாலும் வராது.

ஈயமும் அப்படியே நம்பக்கூடியதல்ல. பாறையிலேயே கொஞ்சம் உண்டு. கரை அரித்து மண் இறங்கினாலும் அளவு ஏறும். அதனால் மண்ணோடு வந்து சேரும் டைட்டானியத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக ஏறினால் வந்தது மண். ஈயம் மட்டும் தனியாக ஏறினால்தான் புகையைச் சந்தேகிக்கலாம். அப்புறம், மகரந்தம் எண்ணினீர்களா? மர மகரந்தம் குறைந்து தானிய மகரந்தம் தலைகாட்டினால், காட்டைத் திருத்தி யாரோ விதைத்திருக்கிறார்கள்.

பீட் எடுப்பது நல்ல யோசனை, ஆனால் மழைநீரை மட்டுமே குடித்து வளர்ந்த மேட்டுச் சதுப்பாக இருக்க வேண்டும். அதற்கு ஓடைநீர் வராது, காற்றிலும் மழையிலும் வந்தது மட்டும்தான் சேரும். சுவிட்சர்லாந்தில் எட்டாங் டி லா குருயேர் என்ற சதுப்பில் ரோமானியர் கால ஈயம், தொழிற்புரட்சிப் புகை, ஈயம் கலந்த பெட்ரோல் எல்லாமே அடுக்கடுக்காகக் கிடைத்தன.

ஆமாம், 31 செ.மீ. எந்த ஆண்டு? அதைச் சொல்லவில்லையே.

சேறுகலக்கி:
கார்பன்-14 தேதி ஒன்றே ஒன்று இருக்கிறது சார், 60 செ.மீ. ஆழத்துச் சேற்றை அப்படியே மொத்தமாகக் கொடுத்து வாங்கியது. அங்கிருந்து மேலே வரைக்கும் நேர்கோடு போட்டேன்.

குளிர்பெட்டி:
ஐயோ. கரையில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அதன் பழைய கார்பன் நீரில் கலந்து தேதியை நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பின்னுக்கு இழுத்துவிடும். சேற்றைக் கொடுக்காமல், கரையிலிருந்து விழுந்த ஓர் இலையோ விதையோ தேடிக் கொடுங்கள்.

மேல்பகுதிக்கு ஈயம்-210 (இயற்கையிலேயே உள்ள கதிரியக்க ஈயம்) போதும். அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுதான் என்பதால் கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுக்கு நன்றாக வேலை செய்யும். கூடவே சீசியம்-137 அளந்தால் அணுகுண்டுச் சோதனைகளின் 1963 உச்சம் ஓர் ஆணி அடித்தமாதிரி நிற்கும். பீட்டில் மட்டும் அந்த ஆணியை நம்ப வேண்டாம், உயிருள்ள பாசி சீசியத்தை உறிஞ்சி மேலே ஏற்றிவிடும்.

பழைய சேற்றுக்காரன்:
அதற்கும் முன்னால் ஒன்று. என் முதல் கோரைப் படகிலேயே சாய்த்துவிட்டேன். மேலே இருந்த கூழ் வழிந்தோடியது தெரியாமல் மிச்சத்தை அழகாக அறுத்து, 1963 உச்சத்தை மூன்று மாதம் தேடினேன். கனடாவின் கிராஃபோர்டு ஏரியில் அதனால்தான் உலர்பனி நிரப்பிய உலோகக் கூட்டை இறக்கி, சேற்றை அதன்மேலேயே உறையவைத்து எடுக்கிறார்கள். அங்கே கோடைக்கு ஒரு வெள்ளை வரி, குளிருக்கு ஒரு கறுப்பு வரி, விரல்விட்டு எண்ணலாம். (2023இல் அதையே ஆந்த்ரோபோசீன், அதாவது மனிதன் பூமியை மாற்றிய யுகத்தின் அடையாள இடமாக முன்மொழிந்தார்கள், மறு ஆண்டே வாக்கெடுப்பில் தோற்றது. சேற்றின்மேல் எனக்கொன்றும் மரியாதை குறையவில்லை.)

உங்கள் முதல் பை எப்படி இருக்கிறது?

சேறுகலக்கி:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். '0–1' என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது களிமண்போல உருட்ட வருகிறது. கூழாக இருக்க வேண்டுமா சார்?

பழைய சேற்றுக்காரன்:
கூழாகத்தான் இருக்க வேண்டும். அது உங்கள் 0–1 இல்லை. மறுபடி படகு ஏற்பாடு செய்யுங்கள், இந்த முறை குழாயை நிமிர்த்தியே கரைக்குக் கொண்டுவாருங்கள்.