ஒட்டுப்பலகைத் தோணிக்குக் கடைசிப் பூச்சு

கேள்வி (கடலூர் முதுநகர்):
ஐ.எஸ். 710 (படகுக்கேற்ற ஒட்டுப்பலகைக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ள 6 மி.மீ. ஒட்டுப்பலகையால், குடும்பத்தோடு உப்பனாற்றில் போய்வர 16 அடித் தோணி ஒன்றை மொட்டைமாடியில் கட்டி, கண்ணாடியிழைத் துணியும் எபாக்சிப் பிசினும் போர்த்திவிட்டேன். மறுநாள் காலையில் மேற்பரப்பு மெழுகு தடவியதுபோல் வழுக்குகிறது. இதன்மேலேயே வார்னிஷ் அடிக்கலாமா?

மறுமொழி (அரியாங்குப்பம்):
அடிக்காதீர்கள், ஐயா. எபாக்சி இறுகும்போது அதோடு கலக்கும் கெட்டியாக்கியிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருள் மேலே வந்து, காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்வதால் உண்டாகும் படலம் அது. நம் கடலோரக் காற்றுக்கு இது வழக்கம்தான். தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவித் துடைத்து, காய்ந்த பிறகே உப்புத்தாள் போடுங்கள். கழுவாமல் தேய்த்தால் மெழுகு தாளை அடைத்துவிடும். மாடியிலிருந்து இறக்குவது எப்படி என்பது வேறு கவலை!

மறுமொழி (கடலூர்):
வெயில் எபாக்சியை மஞ்சளாக்கிச் சிதைக்கும் என்பதால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷை நான்கு முறையாவது பூசுங்கள். அடிப்பக்கத்துக்கு இன்னொரு அடுக்குத் துணி தேவை. என் தோணியை ஆற்றுச் சிப்பி கத்திபோல் கீறிவிட்டது.

கேள்வி கேட்டவர்:
கழுவினேன், வழுக்கல் போய்விட்டது. இறக்குவதற்குக் கயிறும் நான்கு மச்சான்களும் தயார்.