புதுப்பிப்பு: 30 விசைக்குள் தமிழ்

கைக்கணினியில் வரிசைக்குப் பத்தாக மூன்றே வரிசை. தமிழை எப்படி அடக்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பையே எடுத்துவிட்டேன். இங்கே இலங்கையின் ஹட்டனில் பலருக்கும் பழகியது ரெங்கநாதன் என்ற அமைப்புதான். ஆனால் இரண்டு கட்டைவிரலால் அடிக்கிறவருக்கு உயிர் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம் என்ற பிரிப்பு அருமை. விரல்கள் மாறி மாறி ஓடுகின்றன. ‘அம்மா’வுக்கு ம-வை இருமுறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும்.

ச, ஞ, ய மூன்றும்தான் வலது ஓரத்தில் இடமில்லாமல் நின்றன. ச, ய இரண்டும் காற்புள்ளி, முற்றுப்புள்ளி இடத்துக்கு வந்தாயிற்று. ந-வை அழுத்திப் பிடித்தால் ஞ. நிறுத்தற்குறிகள் இரண்டாம் அடுக்கில், அதாவது வேறொரு விசையை அழுத்தினால் அதே விசைகளில் வரும்.

மீதி ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகள். ஹட்டன்காரன் ஹ-வை மூன்றாம் அடுக்கில் ஒளித்து வைக்கலாமா? க-வை அழுத்திப் பிடித்தால் ஹ வரும்படி வைத்துப் பார்க்கிறேன்.