மறு: யுஎஸ்பி பிரிட்ஜுக்குத் தமிழ்ச்சொல் – நான் ‘துபாசி’ பக்கம்

குழுவினருக்கு வணக்கம்.

கருவி சொல்வதை வாங்கிக் கணினியின் யுஎஸ்பி முறைக்கு மாற்றிச் சொல்லும் ‘யுஎஸ்பி பிரிட்ஜ்’ சில்லுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு, பாலம், மாற்றி, தகவி, இருமொழிச்சில்லு என்று இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக ‘துபாசி’யை முன்வைக்கிறேன். கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். எண்ணூர்ப் பிள்ளைகளுக்காக எழுதிவரும் கையேட்டில் எஸ்டிஎஸ்011 என்ற தூசு உணரி (சென்சார்) வருகிறது. அனல்மின் நிலையச் சாம்பலையும் லாரிப் புழுதியையும் பார்த்தே வளர்ந்தவர்கள். காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று தாங்களே அளக்க ஆசைப்படுகிறார்கள். நடுவில் ஆர்டுயினோ போன்ற கட்டுப்பாட்டுப் பலகை எதுவும் கிடையாது. உணரியோடு வரும் குட்டிப் பலகையை மடிக்கணினியில் செருகினால் வேலை ஆரம்பம்.

அந்த உணரிக்குத் தெரிந்தது யுஏஆர்டி என்ற தொடர்த் தகவல் முறை மட்டும்: வினாடிக்கு 9600 பிட், ஒரே கம்பியில் வரிசையாக. யாரும் கேட்காமலே வினாடிக்கு ஒரு முறை எண்களைக் கொட்டிக்கொண்டிருக்கும். யுஎஸ்பியில் இந்தக் கதை நடக்காது. அங்கே எல்லாம் பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும். கணினி கேட்டால்தான் சாதனம் வாய் திறக்கலாம், தானாகப் பேச அதற்கு உரிமை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, உணரி சொன்னதை வாங்கி வைத்துக்கொண்டு, கணினி கேட்கும்போது அதன் முறைப்படி எடுத்துச் சொல்வது பலகையில் இருக்கும் சிஎச்340 சில்லு. அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

‘பாலம்’ எனக்கு ஒட்டவில்லை. பாலத்தில் இந்தப் பக்கம் ஏறியது அந்தப் பக்கம் அப்படியே இறங்கும். இங்கே ஏறியது வேறு, இறங்குவது வேறு. தவிர, நான்கு டயோடு வைத்த பிரிட்ஜ், மோட்டாருக்கான எச்-பிரிட்ஜ் எல்லாம் அதே மேசையில்தான் கிடக்கின்றன. ‘மாற்றி’யும் அப்படித்தான்: 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் பலகையும் மாற்றி, இதுவும் மாற்றி என்றால், ‘மாற்றியை எடு’ என்றதும் பையன் எதைத் தூக்குவான்? ‘தகவி’ என்றதும் போன் சார்ஜர்தான் நினைவுக்கு வருகிறது. ‘இருமொழிச்சில்லு’ பொருள் பொருத்தமானதுதான், ஆனால் நம் மாநிலத்தில் அந்தச் சொல்லை எடுத்தால் பேச்சு மின்னணுவியலில் நிற்குமா என்பது சந்தேகம்.

இனி துபாசி. இரண்டு மொழி தெரிந்தவர் என்பதுதான் நேர்ப்பொருள். கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்கார வியாபாரிக்கும் உள்ளூர்ச் சரக்குக்காரருக்கும் நடுவில் நின்று பேசி முடித்தவர்கள். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை, இங்கே சென்னையில் பச்சையப்ப முதலியார் என்று பெரிய பெயர்கள் உண்டு. கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் நகரம், 1911க்குப் பிறகு ஜார்ஜ் டவுன், அவர்கள் புழங்கிய இடம். வடசென்னையில் எழுதப்படும் கையேட்டில் வடசென்னைச் சொல் இருப்பதில் எனக்குக் கூடுதல் சந்தோஷம், மறைக்கவில்லை.

தனிமடலில் வந்த மூன்று மறுப்புகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

வடமொழி வேர் என்கிறார் ஒருவர். இருக்கட்டும். நாட்குறிப்பிலும் கணக்குப் புத்தகத்திலும் புழங்கித் தேய்ந்து நம் ஒலிக்கு வந்துவிட்ட சொல் அது.

இன்றைய மாணவருக்குத் துபாசி தெரியாது என்கிறார் இன்னொருவர். அதுதான் வசதியே. வேறு எதோடும் குழம்பாது, இந்தச் சில்லுக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளும். பாருங்கள், ‘போர்ட்’டுக்குத் ‘துறை’ என்று போட்டதற்குக் காசிமேட்டுப் பையன்கள், ‘எந்தத் துறை சார், படகு நிறுத்துவதா?’ என்று கேட்கிறார்கள்.

மூன்றாவது மறுப்புதான் சுவையானது: துபாசி நடுவில் கமிஷன் அடிப்பவர், நல்ல பெயர் இல்லை. அடிக்கட்டும், இந்த வகைச் சில்லும் அடிக்கிறது. இதே வேலையைச் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனச் சில்லில் பொட்டலம் நிரம்பாவிட்டால் கைக்கு வந்த சில பைட்டுகளை உடனே அனுப்பாது. வழக்கமான அமைப்பில் 16 மில்லிவினாடி வரை வைத்திருந்துதான் கணினிக்குக் கொடுக்கும். லினக்ஸில் அதை 1 மில்லிவினாடிக்குக் குறைக்கலாம். தூசு உணரிக்கு 16 மில்லிவினாடி ஒரு பொருட்டே இல்லை. மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் காத்திருப்பவருக்குத்தான் அந்தக் கமிஷன் உறைக்கும்.

சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா என்று பார்க்கக் கையேட்டிலிருந்து ஒரு பகுதி:

“துபாசியைச் செருகியதும் சாதனப் பட்டியலில் புதிய தொடர்முனை (சீரியல் போர்ட்) ஒன்று தெரியும். தெரியாவிட்டால் துபாசிக்கு உரிய இயக்கி (டிரைவர் மென்பொருள்) இருக்கிறதா என்று பார்க்கவும். லினக்ஸில் அனுமதி மறுக்கப்பட்டால் உங்கள் பயனர்பெயரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையவும். துபாசி வழியாக ஒவ்வொரு முறையும் 10 பைட் வரும். முதல் பைட் 170, இரண்டாவது 192, கடைசி 171. மூன்றாவது 212, நான்காவது 1 என்று வந்தால், 1×256 + 212 = 468; அதைப் பத்தால் வகுத்தால் 46.8. ஒரு கனமீட்டர் காற்றில் அத்தனை மைக்ரோகிராம் நுண்தூசு, அதாவது பிஎம்2.5, இருக்கிறது.”

இதில் துபாசி வரும் இடங்களில் ‘மாற்றி’யைப் போட்டுப் படித்துப் பாருங்கள், எனக்கென்னவோ சப்பென்று இருக்கிறது. கூட்டுச்சொல்லும் தடையில்லாமல் அமைகிறது: துபாசிச் சில்லு, துபாசிப் பலகை, ஐ2சி துபாசி (ஐ2சி, சில்லுகள் தமக்குள் பேசும் இன்னொரு முறை). எம்சிபி2221 போன்ற சில்லு ஐ2சியும் பேசும், யுஏஆர்டியும் பேசும்; அதைப் பலமொழித் துபாசி என்று கிண்டலடிக்கலாம், கையேட்டில் வேண்டாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. துபாசி ஒருவழிக்காரர் இல்லை. கணினியிலிருந்து கட்டளை அனுப்பி அதே உணரியின் விசிறியையும் லேசரையும் உறங்க வைக்கலாம், வைக்கவும் வேண்டும். லேசரின் ஆயுள் 8000 மணி நேரம் என்கிறது தரவுத்தாள், விடாமல் ஓட்டினால் ஒரு வருடம்கூட வராது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை நிமிடம் எழுப்பினால் போதும். அப்புறம், கடலோர ஈரக்காற்றில் எண் உள்ளதைவிட ஏறித் தெரியும். அதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

மறுப்பு இருந்தால் இந்த வார இறுதிக்குள் எழுதுங்கள், அச்சுக்குப் போக வேண்டும். டிரைவருக்கு ‘இயக்கி’யை நான் எடுத்துக்கொண்டுவிட்டதால், ஆக்சுவேட்டருக்கும் (மோட்டார் போல அசைவு தரும் உறுப்பு) அதையே கேட்டவர்கள் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள். என் முதல் வாக்கு ‘செயலுறுத்தி’க்கு.