பம்பைக் கழற்றிய பிறகு வந்த தூசி

கோவைக்காரன்:

தொழிற்சாலைகளில் தூசி அளக்கும் வேலையில் பதினோரு வருடம் இருந்தேன். மூலையில் ஒரு மெஷினை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அது தனிக் கதை.

முறைப்படி செய்தால் ஆள் மேலேயே மாட்டி அளக்க வேண்டும். தொழிலாளியின் இடுப்பில் சின்ன பம்பு. அதிலிருந்து ஒரு குழாய் முதுகு வழியாக ஏறிக் காலர் பக்கம் வரும். அங்கே ஒரு ஃபில்டர், மூக்கிலிருந்து ஒரு அடிக்குள். ஃபில்டருக்குக் கீழே சைக்ளோன் என்று விரல் நீளத்துக்கு ஓர் உலோகக் குழல். அது காற்றைச் சுழற்றிப் பெரிய மணலை அடியில் இருக்கும் குப்பியில் தள்ளிவிடும். நுரையீரலின் அடிவரை போகக்கூடிய பொடி மட்டும் மேலே ஏறி ஃபில்டரில் படியும். நான் பயன்படுத்திய சைக்ளோனுக்கு நிமிடத்துக்கு 2.5 லிட்டர் காற்று, எட்டு மணி நேரத்தில் 1,200 லிட்டர்.

மணலில் இருக்கும், நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்காவுக்கு அமெரிக்காவில் 2016-ல் வைத்த வரம்பு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். அந்தக் கணக்குக்கு ஒரு முழு ஷிப்டில் என் ஃபில்டரில் 60 மைக்ரோகிராம் சிலிக்கா ஏறினால் போதும், வரம்பைத் தொட்டாயிற்று. தூள் உப்பில் ஒரே ஒரு பரலின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். அப்போதிருந்த நம் ஃபேக்டரிஸ் சட்டத்தில் கணக்கு வேறு. தூசியில் எத்தனை சதவீதம் குவார்ட்ஸ், அதாவது படிக வடிவ சிலிக்கா, என்று பார்த்து, அதோடு 2 கூட்டி, அந்தத் தொகையால் 10-ஐ வகுக்க வேண்டும். 10 சதவீதம் குவார்ட்ஸ் என்றால் கன மீட்டருக்கு 0.83 மில்லிகிராம் தூசி வரை போகலாம் என்று இருந்தது. அதில் சிலிக்கா மட்டும் 83 மைக்ரோகிராம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோவையில் ஒரு ஃபவுண்டரி, அதாவது உலோக வார்ப்பு ஆலை, பெயர் வேண்டாம். வார்ப்பில் ஒட்டிய மணலையும் பிசிறையும் கிரைண்டரில் தேய்த்து எடுக்கும் ஃபெட்லிங் பகுதி. முதல் தடவை போனபோது தரை ஈரமாக இருந்தது. இரண்டு கிரைண்டர் ரிப்பேர் என்றார்கள். ரிசல்ட் வரம்புக்கு ரொம்பக் கீழே வந்தது. பம்பைக் கழற்றும்போது வயதான ஒருவர், "ஏனுங்க சார், நீங்க வர்ற அன்னிக்குத்தானுங்க தண்ணி தெளிக்கறாங்க. வாரம் ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த தடவை முன்கூட்டிச் சொல்லாமல் போனேன். கிரைண்டர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, தரை காய்ந்து கிடந்தது. ஆனால் மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு பையன் பம்போடு அப்படியே படுத்துத் தூங்கிவிட்டான். சைக்ளோன் தலைகீழானால் குப்பியில் சேர்ந்த மணல் முழுக்க ஃபில்டரில் கொட்டிவிடும். அந்த சாம்பிள் போச்சு. அவன்மேல் தப்பில்லை, படுக்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கு மிச்ச பம்புகளை நாலே முக்காலுக்குக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்துக்கு சைரன் ஊதியதும் எல்லோரும் ஒரு ஏர் ஹோஸ் முன்னால் வரிசை கட்டினார்கள். சட்டை, பேன்ட், தலை, காது என்று அழுத்தக் காற்றால் அடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு எதிரே நிற்கிறவர் முகம் தெரியவில்லை. நாள் முழுக்க அளந்தேனே, ஆளுக்கு ஆள் மிக அதிகமாகத் தூசி மூக்கில் போன அந்த நேரத்தில் என் பம்பெல்லாம் பெட்டிக்குள் இருந்தது.

மூன்றாவது தடவை வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, வெளியே வந்த பிறகுதான் கழற்றினேன். முதல் ரிசல்ட்டைவிட மூன்று மடங்குக்கு மேல் வந்தது. ஏர் ஹோஸையும் ரிப்போர்ட்டில் எழுதினேன். அதற்குப் பிறகு அங்கிருந்து என்னைக் கூப்பிடவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே ரூம்:

அண்ணா, எங்களுக்கு உடம்பில் மாட்டுவது டிஎல்டி பேட்ஜ், உடம்பில் படும் கதிர்வீச்சைப் பதிவுசெய்வது. மார்புப் பக்கம், ஈய ஏப்ரனுக்கு உள்ளே. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாங்கிக்கொண்டுபோய்ப் படிப்பார்கள். எனக்கு ஒரு தடவை டோஸ் எக்கச்சக்கமாக வந்து விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அப்புறம்தான் நினைவு வந்தது: தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டபோது பேட்ஜை ஏப்ரனிலேயே விட்டுவிட்டேன், ஏப்ரன் எக்ஸ்ரே அறைக்குள்ளேயே ஸ்டாண்டில் தொங்கியது. பத்து நாள் நான் ஊரில் பந்தி பரிமாறிக்கொண்டிருக்க, என் பேட்ஜ் மட்டும் டியூட்டி பார்த்திருக்கிறது.

இது சிரிப்புக் கதை. இன்னொன்று சிரிப்பதற்கில்லை. கேத் லேபில், அதாவது எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே இதய ரத்தக்குழாயில் குழாய் விடும் அறையில், நாள் முழுக்க நிற்கும் ஒரு டாக்டர் பேட்ஜை மேஜை டிராயரிலேயே வைத்திருப்பார். உடம்பில் படும் கதிர்வீச்சு ஐந்து வருட சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-க்கு மேல் கூடாது என்பது இங்குள்ள விதி. அதிகம் வந்தால் கேள்வி வரும், கேஸ் குறையும் என்று அவருக்குப் பயம். காகிதத்தில் பார்த்தால் எங்கள் டிபார்ட்மென்ட்டிலேயே கதிர்வீச்சு குறைவாகப் பட்டவர் அவர்தான்.

உப்பளத்துப் பக்கம்:

நான் வேதாரண்யம் பக்கம் உப்பளங்களில் வெயில் அளக்கப் போனவள். ஸ்டாண்டில் 15 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு கறுப்புச் செம்புக் குண்டு, ஈரத் திரி சுற்றிய ஒரு தெர்மாமீட்டர், சாதாரண தெர்மாமீட்டர் ஒன்று. ஈரத் திரி காட்டுவதில் 0.7 பங்கு, குண்டு காட்டுவதில் 0.2, சாதாரணத்தில் 0.1. மூன்றையும் கூட்டினால் வெயிலில் வேலை செய்கிறவருக்கான வெப்பக் குறியீடு. திரி காய்ந்தாலோ உப்புப் படிந்தாலோ எண் தப்பாக ஏறிவிடும். அங்கே காற்றிலேயே உப்பு, அதனால் திரியை மாற்றிக்கொண்டே இருந்தோம்.

உப்பு வாருகிற அக்கா ஒருத்தர் அந்தக் குண்டைப் பார்த்து, "இது வெயிலைக் குடிக்குதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நாங்க தண்ணியே குடிக்கிறதில்லை" என்றார். காலை ஐந்து மணிக்கு வந்தால் வேலை முடிகிறவரை ஒரு மடக்கு, இரண்டு மடக்குதான். ஏன் என்றதற்கு, "குடிச்சா எங்க போய் ஒதுங்குறது? கண்ணுக்கு எட்டுன வரைக்கும் பாத்திதான், மறைவா ஒரு செடி உண்டா?" என்றார். சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது, 1.020-ஐத் தாண்டினால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று கணக்கு. அந்தப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்தபோதும் அதே பிரச்சினைதான் வந்தது. கடைசியில் சேலையால் மறைப்புக் கட்டினோம். எங்கள் படிவத்தில் கழிப்பறை என்று ஒரு கட்டமே கிடையாது, ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்தேன்.

தறி வீடு:

குமாரபாளையம். வீட்டோடு ஒட்டி எட்டு விசைத்தறி. அப்பா இப்போது டிவியை முழு சத்தத்தில் வைக்கிறார், போனில் பேசினால் "என்ன? என்ன?" தான். போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன், தறிப் பக்கம் 97 டெசிபல் காட்டியது. நம்பலாமா?

கோவைக்காரன்:

போன் மைக் அந்தச் சத்தத்துக்குச் செய்ததில்லை தம்பி. நாங்கள் ஒவ்வொரு தடவையும் மீட்டர் மேல் 94 டெசிபல் எழுப்பும் கருவியை மாட்டிச் சரிபார்த்த பிறகுதான் தொடங்குவோம். ஆனாலும் 97 என்பது நடக்காத எண் இல்லை. நம் விதியில் 90 டெசிபலுக்கு எட்டு மணி நேரம், 95 என்றால் நாலு மணி நேரம்தான். அப்பா எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்று பாருங்கள்.

அளப்பது அப்புறம் இருக்கட்டும், முதலில் காது டெஸ்ட் எடுங்கள். ரிப்போர்ட்டில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தால் சத்தத்தால் வந்தது என்று சந்தேகப்படலாம். டெஸ்டுக்கு முன்னால் குறைந்தது 14 மணி நேரம் தறிச் சத்தமே காதில் விழக் கூடாது. இல்லையென்றால் தற்காலிகமாக மந்தமான காதையும் சேர்த்து அளந்துவிடுவார்கள்.

தறி வீடு:

14 மணி நேரமா! அடுத்த மாதம் மெயின்டனன்ஸுக்கு கரன்ட் நிறுத்துவார்கள், காலை ஒன்பதிலிருந்து. அன்றைக்குக் கூட்டிப்போகிறேன். முந்தின ராத்திரி ஓட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். எழுதித்தான் காட்ட வேண்டியிருக்கும், தறிப் பக்கம் நின்று சொன்னால் கேட்காது.