பழைய கணப்புக்குள் இன்செர்ட்: கேஸா, விறகா?

கேள்வி:
வீட்டில் செங்கல் கணப்பு ஒன்று இருக்கிறது. எரியவிட்டால் பார்க்க அழகுதான், ஆனால் சூடெல்லாம் புகைபோக்கி வழியாக மேலே போய்விடுகிறது, பக்கத்து அறைகள் முன்னைவிடக் குளிர்கின்றன. அதனால் உள்ளே இன்செர்ட், அதாவது கணப்புக்குள் பொருத்தும் கண்ணாடிக் கதவு போட்ட மூடிய அடுப்பு, வைக்க முடிவு செய்துவிட்டோம், கேஸா விறகா என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி. குளிர்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகும் என்பதால் எனக்கு விறகுப் பக்கம்தான் மனசு. அம்மாவுக்கு வீசிங் உண்டு. பயன்படுத்துபவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
நான் விறகு ஆள். நல்ல இன்செர்ட் விறகின் சக்தியில் முக்கால் பங்கு வரை வீட்டுக்குள் சூடாகக் கொடுக்கும், திறந்த கணப்பில் சொற்பம்தான் தேறும். ஆனால் காய்ந்த விறகு கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், வெளியே காய்ந்த மாதிரி தெரிவதை நம்பாதீர்கள், ஒரு கட்டையைப் பிளந்து அந்தப் புது முகத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். ஓக் மாதிரி கெட்டி மரம் காய 2 வருடம்கூட ஆகும். ஈர விறகு புகைந்து புகைந்து எரியும், கண்ணாடி கறுக்கும், குழாயின் உள்ளே தார் போல கிரியோசோட் படியும், புகைபோக்கி தீப்பிடிப்பது பெரும்பாலும் அதனால்தான். புகைபோக்கியின் உச்சிவரை ஸ்டீல் லைனர் (உள்குழாய்) போடுங்கள், வருடத்துக்கு ஒரு முறை ஆள் வைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

பதில் 2:
வீசிங் என்றதுமே எனக்கு கேஸ்தான் தோன்றியது, அதிலும் டைரக்ட் வென்ட் மட்டும். அதில் இரண்டு குழாய், ஒன்று எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுக்கும், இன்னொன்று எரிந்த வாயுவை வெளியே தள்ளும். தீ மூடிய கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால் அறைக் காற்றோடு கலப்பதில்லை. வென்ட் இல்லாத மாடலை விலை குறைவு என்று யாராவது காட்டினால் தயவுசெய்து வேண்டாம், எரிந்த வாயுவும் ஈரமும் அறையிலேயே தங்கும்.

கரண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். எப்போதும் பைலட் எரியும் மாடலில் அந்தச் சின்னத் தீயே வால்வுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தந்துவிடும், மற்றதில் பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபேன் மட்டும் நிற்கும். விறகு இன்செர்ட்டிலும் அதே கதைதான், அது சுவருக்குள் பொதிந்திருப்பதால் ஃபேன் இல்லாமல் சூடு வெளியே வருவது குறையும்.

கேள்வி கேட்டவர்:
விறகு இன்செர்ட்டிலும் கதவு மூடித்தானே இருக்கும், புகை எப்படி வரும்?

பதில் 1:
மூடியிருக்கும்வரை சரி. விறகு போடத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், சாம்பல் அள்ளும்போது தூசி பறக்கும், அக்கம்பக்கத்தில் பரவும் புகைக்கும் நாமே காரணமாவோம். அம்மா அதே அறையில்தான் உட்காருவார் என்றால் விறகுக்காரனான நானே கேஸ் என்றுதான் சொல்வேன். எதை வைத்தாலும் படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். வாங்குமுன் கணப்பின் ஆழத்தையும், முன்பக்க அகலம் பின்பக்க அகலம் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள், பழைய கணப்புகள் பின்னால் குறுகிக்கொண்டே போகும்.