போஞ்சிக் கருகல்: செம்பு அடிப்பதா, விதையை மாற்றுவதா?

மாடித்தோட்டக்காரி, வெள்ளவத்தை:
சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், போஞ்சிக்குச் செம்பு மருந்து அடிப்பதால் ஏதாவது பலன் உண்டா? மாடியில் பெட்டிகளில் வைத்திருந்தேன். பூக்கும் நேரத்தில் இலையின் அடிப்பக்கம் தண்ணீர் ஊறின சின்னப் புள்ளிகள் வந்தன, பிறகு அவை பெருத்து ஒன்றோடொன்று சேர்ந்து பழுப்பாகக் காய்ந்துவிட்டன, ஓரத்தில் மட்டும் ஒடுங்கிய எலுமிச்சை மஞ்சள் கோடு. மருந்துக் கடையில் முதலில் பங்கசு நாசினி தந்தார்கள், அப்புறம் செம்பு. இரண்டும் சரிவரவில்லை. என்னைக் கேட்டால் நோய் விதைப் பக்கெட்டோடுதான் வந்தது, இனி எதையும் அடிக்கப் போவதில்லை. மலைநாட்டில் வாரா வாரம் அடித்துவிட்டு எங்களுக்கு விற்கிறவர்களும் இதே ஏமாற்றத்தில்தான் இருக்கிறார்கள்.

வெலிமடைக்காரன், பேலியகொடை:
அக்கா, அந்தக் கடைசி வசனம் தேவையில்லை. எங்கள் வீட்டார் இன்னமும் வெலிமடையில் போஞ்சி போடுகிறார்கள், நான் அதை இங்கே மெனிங் சந்தையில் இறக்குகிறேன், இரண்டு பக்கமும் தெரியும். செம்பு, வந்த நோயை மாற்றுகிற மருந்தே இல்லை. இந்தக் கருகலைக் கொண்டு வருகிற பக்டீரியா இலைவாய் என்கிற சின்னத் துளைகளுக்குள்ளே போய்விட்டால் மேலே படிந்திருக்கிற செம்பு அதைத் தொடாது. புள்ளிகள் சேர்ந்து இலை காய்ந்த பிறகு அடித்துவிட்டு மருந்தின் மேல் பழி போட்டால் எப்படி? ஒரு செடியில் கண்டவுடனே, மழை பிடிக்க முதலே அடிக்க வேண்டும், ஏழு பத்து நாளுக்கு ஒருமுறை, மழை கழுவினால் திரும்பவும். 1946இல் இலங்கைத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்ததே, தோட்டங்கள் அதைச் சமாளித்தது செம்பை வைத்துத்தான்.

பழைய விவசாயப் போதனாசிரியர், தெகிவளை:
தம்பி, கொப்புள நோய் பங்கசு. போஞ்சிக் கருகல் பக்டீரியா. செம்பு இரண்டுக்கும் எதிரிதான், ஆனால் தேயிலையில் கண்ட பலனை இங்கே எதிர்பார்க்கக்கூடாது. போஞ்சியில் செம்பு அடித்துப் பார்த்த இடங்களில் இலைப்புள்ளி குறைகிறது, காய் விளைச்சல் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. செம்புக்கு அசையாத பக்டீரியா இனங்களும் உருவாகியிருக்கின்றன. முன்கூட்டி அடிக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது சரி.

அதைவிட முதலில் எந்த நோய் என்று பார்க்க வேண்டாமா? போஞ்சியில் கருகல் இரண்டு வகை. சாதாரணக் கருகல் சந்தோமோனாஸ் என்கிற பக்டீரியாக் கூட்டம், 28 முதல் 32 பாகை வரைக்கும் சூடு அதற்குக் கொண்டாட்டம், புள்ளியைச் சுற்றி ஒடுங்கிய மஞ்சள் ஓரம், காயில் கசிந்து காய்கிற பசையும் மஞ்சள். மற்றது ஒளிவட்டக் கருகல், சூடோமோனாஸ் என்கிற பக்டீரியா. அதற்குக் குளிர் வேண்டும், 20 பாகைக்குக் கிட்ட. அது விடுகிற நச்சுதான் சின்னப் புள்ளியைச் சுற்றி அகலமான வெளிர்பச்சை வட்டம் போடுகிறது, கசிவு வெண்மையாக இருக்கும். வெள்ளவத்தை மொட்டைமாடிச் சூட்டில் அந்த இரண்டாவது வராது. தங்கச்சி சொல்கிற அடையாளம் எல்லாம் சாதாரணக் கருகல்தான். வெலிமடைக் குளிரில் இரண்டாவதும் வர வாய்ப்பு உண்டு. பங்கசு நாசினி கொடுத்த கடைக்காரர் இலையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

கொட்டாஞ்சேனை பால்கனி:
இவ்வளவு கதை எதற்கு? பக்டீரியா என்றால் அன்டிபயோட்டிக். பார்மசியில் டெட்ராசைக்ளின் கப்சூலை வாங்கி உடைத்துக் கரைத்து அடியுங்கள். என் மச்சான் மிளகாய்க்கு அடித்தான், நல்லாய் வந்தது.

வெலிமடைக்காரன்:
அண்ணே, நான் மருந்து அடிக்கிற கட்சி, ஆனால் இதைச் சொல்ல எனக்கே வாய் வராது. அந்தப் போஞ்சியைப் பிள்ளைகள் சாப்பிட வேண்டாமா?

பழைய விவசாயப் போதனாசிரியர்:
பயிருக்கு அன்டிபயோட்டிக் பாவித்த நாடுகள் உண்டுதான். போஞ்சி விதையை ஸ்ட்ரெப்டோமைசினில் நனைத்தும் பார்த்திருக்கிறார்கள், விதைத்தோலின் மேலே இருப்பது குறைந்தது, உள்ளே இருப்பது அப்படியே கிடந்தது. அதே மருந்து காசநோய்க்குக் கொடுக்கிற மருந்து. மாடியில் மனம்போன அளவில் தெளித்தால் மருந்துக்கு அடங்காத பக்டீரியாவைத்தான் நாங்கள் வளர்ப்போம். மச்சானின் மிளகாய்க்கு என்ன நோய் என்று யாராவது பார்த்தார்களா?

மாடித்தோட்டக்காரி:
உள்ளே இருப்பது அப்படியே கிடந்தது என்று சொன்னீர்களே ஐயா, நானும் அதைத்தான் சொல்கிறேன். பிரச்சினை விதை. பிறகு ஏன் எல்லோரும் தெளிப்பான் பின்னாலேயே ஓடுகிறோம்?

பழைய விவசாயப் போதனாசிரியர்:
அதில் நான் உங்கள் பக்கம். இந்தப் பக்டீரியா காய்ந்த விதைக்குள்ளே பல வருடம் உயிரோடு கிடக்கும். ஒளிவட்டக் கருகலைப் பற்றி அமெரிக்காவில் 1960களில் செய்த ஓர் ஆய்வில், ஓர் ஏக்கரில் அங்கங்கே ஒரு டசன் நோய் விதை விழுந்தாலே தோட்டம் முழுக்கப் பரவப் போதும் என்று கண்டார்கள். அதனால்தான் அங்கே போஞ்சி விதையை ஐடஹோ போன்ற வறண்ட இடங்களில், மழை இல்லாத காலத்தில், வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சி எடுக்கிறார்கள். இலை நனையாவிட்டால் பக்டீரியாவுக்குப் போக வழி இல்லை. வெலிமடை இருக்கிற ஊவாவிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கும் வறட்சி, அந்தக் காலத்தில் விதைக்கென்று ஒரு பாத்தி ஒதுக்கினால் என்ன?

வெலிமடைக்காரன்:
ஐயா, கச்சான் காற்று அடிக்கிற அந்த மாதங்களில் குடிக்கவே தண்ணீர் தேட வேண்டிய இடங்கள் இருக்கின்றன. இருக்கிற தண்ணீரில் காய் பறித்தால் சந்தையில் அன்றைக்கே காசு, விதைக்கு விட்டால் கொடி காயும்வரை காத்திருக்க வேண்டும். சுத்தமான விதை பக்கெட்டில் வருகிற விலைக்குக் குத்தகைக்காரன் வாங்குவானா? அவன் போன போகத்துக் கொடியில் காயவிட்டதைத்தான் போடுவான். பயிரை மாற்று, இரண்டு மூன்று வருடம் அந்த இடத்தில் போஞ்சி போடாதே என்றும் சொல்வீர்கள், அரை ஏக்கர் வைத்திருக்கிறவன் எங்கே மாற்றுவது? 2021இல் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே இரவில் நிறுத்தினார்களே, அப்போது கைதட்டினவர்கள் முக்கால்வாசிப் பேர் மாடித்தோட்டக்காரர்கள். வருட முடிவுக்கு முதலே அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றது, அதற்குள் நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும்.

மாடித்தோட்டக்காரி:
நான் கைதட்டவில்லை தம்பி. ஆனால் காசு செலவில்லாத வேலையும் இருக்கிறதே, அதையாவது செய்கிறீர்களா? ஈரக் கொடிக்குள் இறங்கிக் காய் பறிப்பதை நிறுத்தலாம். நோய் பிடித்த சருகை மேலேயே கிடக்க விடாமல் ஆழக் கொத்திப் புதைக்கலாம்.

வெலிமடைக்காரன்:
சருகு விஷயம் செய்கிறோம். ஈரத்தில் பறிப்பது மட்டும் நிறுத்த முடியாது, லொறி விடியற்காலையில் வெளிக்கிட்டால்தான் இங்கே விலை. பனி காயும்வரைக்கும் கூலிக்காரரை உட்கார்த்தி வைத்தால் அன்றைக்கு நட்டம்தான். ஆட்களின் கையிலும் சட்டையிலும் ஒட்டித்தான் வரிசை வரிசையாகப் பரவுகிறது என்று எங்களுக்கும் தெரியும். அதற்குத்தான் செம்பு.

பழைய விவசாயப் போதனாசிரியர்:
இந்தக் கணக்குக்கு என்னிடம் மறுபேச்சு இல்லை. ஆனால் செம்பு மண்ணில் அழியாது, வருடா வருடம் சேரும், சேதன விவசாயத்தில் அனுமதி இருப்பதால் அது தீங்கில்லாதது என்று ஆகிவிடாது. கடைசியில் இதற்கு நின்று பிடிக்கிற வழி எதிர்ப்பு இனம்தான். டெப்பரி என்கிற ஒரு பாலைவனப் போஞ்சியிலிருந்து சாதாரணக் கருகலுக்கான எதிர்ப்பை எடுத்து, கொலம்பியாவில் உள்ள சியாட் என்கிற விவசாய ஆராய்ச்சி நிலையம் சில போஞ்சி இனங்களை உருவாக்கியிருக்கிறது. அதை எங்கள் சந்தை கேட்கிற பச்சைக் காய்க்குள் கொண்டு வருவது தெளிப்பானால் முடியாது, கன்னொறுவ மாதிரியான ஆராய்ச்சி நிலையத்து வேலை. அதற்குத்தான் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சத்தம் போட வேண்டும்.

தங்கச்சி, மிச்சச் செடிகளைப் பிடுங்கிப் பையில் கட்டி எறியுங்கள், கொம்போஸ்ட் பெட்டிக்குள் போட வேண்டாம். புள்ளியில்லாத காயைச் சமைக்கலாம், விதைக்கு வைக்கக்கூடாது. பிடுங்கின பெட்டியில் வெண்டியோ மிளகாயோ போடுங்கள்.

மாடித்தோட்டக்காரி:
சரி ஐயா. செம்பு விஷயத்தில் நான் மாறவில்லை. தம்பி, உங்கள் வீட்டுக் கொடியில் சுத்தமாக இருக்கிற விதை கொஞ்சம் கிடைக்குமா? காசு தருகிறேன்.

வெலிமடைக்காரன்:
காசு வேண்டாம், அடுத்த லொறியில் கெப்பெட்டிப்பொல நில் என்கிற போஞ்சி இனத்து விதை ஒரு பொதி வரும். புள்ளியில்லாத காயிலிருந்துதான் எடுப்போம், ஆனாலும் உள்ளே நோய் இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன். வெறும் பெட்டியில் புது மண்ணில் தள்ளித்தள்ளிப் போடுங்கள், முதல் இலையில் புள்ளி கண்டால் அந்தக் கன்றை உடனே பிடுங்குங்கள். இன்னொன்று, கொழும்புச் சூட்டில் அது பூவைக் கொட்டினால் என்னைத் திட்ட வேண்டாம். காய்தான் வேண்டும் என்றால் பயற்றங்காய் போடுங்கள்.

பழைய விவசாயப் போதனாசிரியர்:
பயற்றைக்கும் அதற்கென்று ஒரு பக்டீரியாக் கருகல் உண்டு. தண்ணீரை அடியில் விடுங்கள்.